மயங்கியவர் கையில் பேசும் காப்பு

காப்பு என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள்கள் உண்டு. கையில் அணியும் வளையும் காப்பு. காத்தல் என்னும் தொழிலும் காப்பு. குழந்தையின் இடுப்பில் கட்டும் தாயத்து முதல் பெரியோர் அணியும் செப்பு வளையம் வரை, உடலில் ஒன்றை அணிந்து தீங்கைத் தடுக்கலாம் என்ற எண்ணம் நம் மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இக்கட்டுரையில் விவரிக்கப்படும் காப்பில் மந்திரம் ஏதும் இல்லை. அதன் ஆற்றல் முழுவதும் அதில் வெட்டப்பட்டிருக்கும் நான்கைந்து சொற்களிலும், அவற்றைப் படிக்கும் ஒருவரின் கண்களிலும் அடங்கியுள்ளது.

இது துருப்பிடிக்காத எஃகினாலோ வெள்ளியினாலோ செய்யப்பட்ட சிறு தகடு. சங்கிலியில் கோத்து மணிக்கட்டிலோ கழுத்திலோ அணியப்படுகிறது. அணிபவருக்கு உள்ள நோய், அவருக்கு ஒவ்வாத மருந்து, அவசரத்தில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை அதில் வெட்டப்பட்டிருக்கும். நினைவோடு இருக்கும் மனிதருக்கு இது வேண்டியதில்லை. தமக்கு உள்ளதை அவரே டாக்டரிடம் கூறிவிடுவார். அவர் நினைவிழந்து கிடக்கையில், உடன் வந்தவர் எவரும் இல்லாதபோதுதான் தகடு பேச வேண்டியிருக்கிறது.

உடன் வருவோர் இல்லாத நிலை முற்காலத்துக் கிராமத்தில் அரிது. ஒருவர் களத்தில் மயங்கி விழுந்தால், அவர் யார் மகன், அவருடைய தகப்பனாருக்கு என்ன நோய் இருந்தது என்பதைச் சுற்றி நிற்போரே சொல்லிவிடுவர். ஹைதராபாத் நகரின் மேற்கே உள்ள கொண்டாப்பூரை இதற்கு மாறான இடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அடுத்துள்ள ஹைடெக் சிட்டியில் சைபர் டவர்ஸ் கட்டடம் 1998-ல் திறக்கப்படும் முன்னர் இது நகருக்கு வெளியே பாறைகளுக்கிடையே கிடந்த ஊர். 2007-ல் ஷேரிலிங்கம்பள்ளி நகராட்சியோடு சேர்ந்து ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியில் இணைந்தது. இன்று அங்கு அடுக்குமாடி வீடுகளிலும் விடுதிகளிலும் வாழ்வோரில் பெரும்பகுதியினர் வேறு ஊர்களிலிருந்து, பலர் வேறு மாநிலங்களிலிருந்து, பிழைப்பின் பொருட்டு வந்தவர்கள். தமிழரும் அவர்களில் உளர். காலையில் தாவரவியல் பூங்காவில் நடைபயிலச் செல்பவர் ஒருவர் அங்கேயே விழுந்துவிட்டால், அவரது பெயரையேனும் அறிந்தவர் அருகில் இருப்பார் என்று சொல்ல முடியாது. அவருடைய கைத்தொலைபேசியோ பூட்டப்பட்டிருக்கும். 108 வண்டியில் வரும் ஊழியர் தெலுங்கில் கேட்பார்; விழுந்தவரோ எந்த மொழியிலும் விடை கூறும் நிலையில் இல்லை.

இத்தகைய அணி முறையாகத் தோன்றிய வரலாறு அமெரிக்காவைச் சேர்ந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் டர்லக் என்னும் சிற்றூரில் மரியன் காலின்ஸ் என்ற டாக்டர் தொழில் புரிந்து வந்தார். 1953-ல் அவருடைய மகள் லிண்டாவுக்கு விரலில் காயம் பட்டது. தனுர்வாதத்தைத் தடுப்பதற்காக அக்காலத்தில் குதிரைச் சீரத்திலிருந்து தயாரித்த எதிர்நஞ்சு ஊசி போடுவது வழக்கம். அதற்கு முன்பு ஒவ்வாமை உண்டா என்று அறியும்பொருட்டு ஒரு துளி மருந்தைத் தோலில் வைத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையே சிறுமியை மரணத்தின் வாயில் வரை கொண்டுபோய்விட்டது. அவள் பிழைத்தாள். மறுமுறை பெற்றோர் அருகில் இல்லாத இடத்தில் அடிபட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அவர்களுக்கு நீங்கவில்லை. முதலில் எச்சரிக்கையைக் காகிதத்தில் எழுதி அவளோடு அனுப்பினர். பின்னர் அதே சொற்களை வெள்ளிக் காப்பு ஒன்றில் வெட்டுவித்தனர். பிறருக்கும் இது பயன்படும் என்று கண்டு, 1956-ல் டாக்டரும் அவருடைய மனைவி கிறிஸ்ஸியும் ‘மெடிக்அலர்ட்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பாம்பு சுற்றிய கோல் பொறித்த அந்நிறுவனத்தின் தகடு பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

இவ்விடத்தில் சுகாதார ஊழியர்களுக்கு ஒரு விளக்கம் கூற வேண்டும். இந்த வரலாற்றைக் கிராமத்தில் எடுத்துரைத்தால், தனுர்வாதத் தடுப்பூசி அபாயமானது என்று எவரேனும் புரிந்துகொள்ளக் கூடும். லிண்டாவுக்குத் தீங்கு செய்தது குதிரைச் சீரம். இன்று கருவுற்ற தாய்மாருக்கும், பத்து வயதிலும் பதினாறு வயதிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் போடப்படும் டி.டி. தடுப்பூசியில் குதிரைச் சீரம் கிடையாது. அது முற்றிலும் வேறான மருந்து. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே கதையைத் தொடங்குவது நலம்.

இந்தக் காப்பு நம் நாட்டுக்கு எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டும் மிகச் சிறந்த உதாரணம் தென்னிந்தியாவிலேயே உள்ளது. அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஒன்று தரப்படுகிறது. சக்ஸினைல்கோலின் என்பது அதன் பெயர். 1950-களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் வழக்கில் உள்ள மருந்து இது. அரை நிமிஷம் அல்லது ஒரு நிமிஷத்தில் வேலை செய்யத் தொடங்கும். ஐந்து அல்லது பத்து நிமிஷத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். அடங்குவதற்குக் காரணம், கல்லீரலில் உண்டாகி இரத்தத்தில் கலந்திருக்கும் பியூட்டிரில்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி. அந்த நொதியே மருந்தைச் சிதைத்துவிடுகிறது. சிலருடைய உடலில் இந்த நொதி பிறவியிலேயே வேலை செய்வதில்லை. அத்தகையோருக்கு அதே அளவு மருந்து கொடுத்தால், மூச்சு விடும் தசைகள் உட்பட உடலின் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுக் கிடக்கும். செயற்கைச் சுவாசம் அளித்துக் காத்திருந்தால் ஆள் முழுமையாகத் தேறிவிடுவார். காரணம் விளங்காத சிறிய ஆஸ்பத்திரியில், சுவாச யந்திரம் இல்லாத இடத்தில், அந்த மணி நேரங்கள் எவ்வாறு கழியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றொரு கொடுமையும் உண்டு. மயக்க மருந்து தெளிந்து, தசை மருந்து மட்டும் தெளியாமலிருந்தால், நோயாளி விழிப்போடு இருந்தும் விரலைக்கூட அசைக்க முடியாதவராய்க் கிடப்பார்.

ஐரோப்பியரிலும் அமெரிக்கரிலும் இந்த நொதி அறவே வேலை செய்யாதவர் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒருவர். கோயம்புத்தூரில் வாழும் வைசிய சமூகத்தினரிடையே இது 24 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் காணப்பட்டது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூபதி முதலான ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து லாக்ரிட்ஜ் அம்மையாருடன் சேர்ந்து, இக்குறைக்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்து 2006-ல் வெளியிட்டனர். நொதியில் 307-ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் அமைந்துவிட்டது. மாற்றம் அவ்வளவே. இக்குறை உள்ளவர்கள் வேறு எவ்வகையிலும் நோயாளிகள் அல்லர். நன்றாக உண்டு, உழைத்து, வாணிகம் செய்து, பேரன் பேத்தி கண்டு வாழ்பவர்கள். அறுவை மேஜையில் படுக்கும் நாள் வரை தம்மிடம் ஒரு குறை இருப்பதை அவர்கள் அறிய வழியில்லை.

ஒரு சமூகத்தில் மட்டும் இது ஏன் மிகுந்தது என்பதற்கு விடை கொண்டாப்பூருக்கு நேர் எதிர்க்கோடியில், ஹைதராபாத் உப்பல் சாலையில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலிருந்து கிடைத்தது. 1977-ல் தொடங்கப்பட்ட இம்மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக் முதலியோருடன் சேர்ந்து தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களைச் சேர்ந்த 2,800-க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டார். தொன்மையில் சிலரே கூடி ஒரு குழுவாகப் பிரிந்து, பிறகு தமக்குள்ளேயே மணம் செய்து பெருகினால், அந்தச் சிலரில் ஒருவரிடம் இருந்த அரிய மரபணு மாற்றம் பின்னாளில் ஆயிரக்கணக்கானோரிடம் பரவிவிடுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெறும் பிள்ளைக்குக் குறை வெளிப்படும். ஆராய்ந்த குழுக்களில் 81 குழுக்களில் இந்நிலை பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதரிடமும் காணப்படுவதைவிடக் கடுமையாக இருந்தது. வைசியரின் எண்ணிக்கை 30 லட்சத்துக்கு மேற்பட்டது என்றும், மயக்க மருந்து கொடுக்கும் முன்னர் நோயாளி அச்சமூகத்தினரா என்று இந்திய டாக்டர்கள் விசாரிப்பதுண்டு என்றும் அக்கட்டுரை குறிப்பிடுகிறது.

இப்படி விசாரிப்பது அனுபவத்தில் விளைந்த முன்னெச்சரிக்கையே. ஆயினும் அது போதாது. சமூகத்தின் பெயர் நோயின் பெயராகாது. 24 பேரில் ஒருவருக்குக் குறை என்றால் 23 பேருக்கு அது இல்லை. பிற சமூகங்களிலும் இக்குறை அரிதாகவேனும் உண்டு. மேலும் மயங்கிக் கிடப்பவரிடம் சாதியைக் கேட்கவும் இயலாது. சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே நொதியின் அளவு தெரிந்துவிடும். நொதி இருந்தும் குணம் மாறியிருப்பதை அறியும் டிபுகெயின் சோதனையை டொரான்டோ நகரின் வெர்னர் காலோ 1957-லேயே வகுத்துத் தந்தார். ஆகவே ஒரு குடும்பத்தில் எவருக்கேனும் அறுவைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமாயிற்று என்று கேள்விப்பட்டால், அவருடைய உடன்பிறந்தோர் அனைவரும் அச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். குறை உறுதியானவர்கள் அதைத் தகட்டில் வெட்டி அணிந்துகொள்ள வேண்டும். மருந்தின் பெயரை எழுதினால் போதும். சாதியை எழுத வேண்டியதில்லை.

காப்பு அணிய வேண்டியவர்கள் வேறு பலரும் உளர். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளை முதலில் கூறலாம். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுடன் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியிட்டது. இவர்களுள் இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒரு வேளை உணவு தவறினால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து வியர்ப்பார், கை நடுங்கும், நாக் குழறும், நடை தள்ளாடும். வழியில் காண்போர் குடிகாரன் என்று ஒதுங்கிச் செல்வர். விழுங்கும் நிலையில் இருந்தால் இரண்டு கரண்டிச் சர்க்கரை கரைத்த நீர் அவரை மீட்டுவிடும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ‘இன்சுலின் கொள்ளும் நீரிழிவு’ என்ற சொற்கள் கையில் இருந்தால், இகழ்ச்சிக்குரியவராய்த் தோன்றியவர் உதவிக்குரியவராகிவிடுகிறார்.

அடுத்து, இரத்தம் உறையாமை என்னும் ஹீமோபிலியா. இக்குறை உள்ள சிறுவன் தலையில் அடிபட்டு வந்தால், படம் எடுத்துப் பார்க்கும் வரை காத்திராமல் உறைகாரணியை ஊசி மூலம் செலுத்த வேண்டும். தசையில் ஊசி போடுதல், ஆஸ்பிரின் கொடுத்தல் இரண்டும் அவனுக்குக் கேடு. வலிப்பு நோயாளிகள், இதயத்தில் மின்கருவி பொருத்தப்பட்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்பவர்கள், இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர்கள், பெனிசிலின் ஒவ்வாதவர்கள் ஆகியோருக்கும் காப்பு பயன்படும். இரத்த வகையை மட்டும் வெட்டிக்கொண்டு காப்பு அணிந்துவிட்டதாக எண்ணுவோர் பலர் உண்டு. எந்த ஆஸ்பத்திரியும் தகட்டை நம்பி இரத்தம் ஏற்றுவதில்லை. தானே சோதித்துப் பொருத்தம் பார்த்தே ஏற்றும். அந்த இடத்தை வேறு செய்திக்குப் பயன்படுத்தலாம்.

சுகாதாரப் பிரசாரங்களைப் பற்றி இங்குச் சிறிது கூற வேண்டும். ஊர்வலம், சுவரொட்டி, சொற்பொழிவு ஆகியவற்றோடு முடியும் பிரசாரம் மறுவாரமே மறந்துபோவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தெலங்கானா அரசாங்கம் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கி, 2023-ல் மீண்டும் நடத்திய ‘கண்டி வெலுகு’ கண் பரிசோதனை இயக்கம் வேறு மாதிரியானது. பரிசோதனைக்கு வந்தவர்களில் தேவையானவர்களுக்குக் கண்ணாடி இலவசமாக அளிக்கப்பட்டது. வந்தவர் ஒரு பொருளைப் பெற்று, உடலில் அணிந்துகொண்டு சென்றார். இயக்கம் முடிந்த பின்னும் அது அவர் மூக்கின்மேல் இருந்தது.

அரிவாள் வடிவ இரத்தச் சிவப்பணு நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு. இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1952-ல் நம் நீலகிரியில் கண்டறியப்பட்டது என்பதை ஆசிரியர்கள் மாணவருக்குக் கூறலாம். சோதிக்கப்பட்டவருக்கு அவரது நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது. இது நல்ல ஏற்பாடு; திருமணத்துக்கு முன் இரு குடும்பத்தாரும் பார்த்துத் தெளிவதற்கு அட்டையே ஏற்றது. ஆனால் அட்டை டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கும். அதற்குரியவர் தேயிலைத் தோட்டத்தில் மயங்கி விழுவார். அட்டையில் உள்ளதில் ஒரு வரியேனும் உடலில் இருப்பது நலம் என்பதே நம் கருத்து.

அணிவது பாதி, பார்ப்பது மறுபாதி. காப்பு அணிவோர் குறைவாயிருப்பதால் எவரும் அதைத் தேடுவதில்லை. எவரும் தேடாததால் அணிவதில் பயனில்லை என்று மக்கள் எண்ணுகின்றனர். இந்த முடிச்சை அவிழ்க்கக் கூடியவர்கள் களப்பணியாளர்களும் ஆசிரியர்களுமே. 108 ஊர்திப் பணி 2005 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் தொடங்கி, 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. வண்டி வந்து சேரும் வரை நோயாளி பொதுமக்கள் கையிலேயே இருக்கிறார். வலிப்பு வந்தவரைக் கண்டால் நம்மவர் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ அவர் கையில் திணிப்பது வழக்கம். அதனால் பயன் சிறிதும் இல்லை. ஆயினும் நோயாளியின் கையைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. திணிப்பதை விடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்தக் கையில் தகடு உண்டா என்று பார்க்கும்படி பயிற்றுவிக்கலாம். முதலுதவி வகுப்பில் ‘மூச்சு உண்டா, இரத்தம் ஒழுகுகிறதா’ என்று கேட்டவுடன், ‘மணிக்கட்டிலும் கழுத்திலும் என்ன இருக்கிறது’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கற்பித்தால் போதும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆஸ்பத்திரிகளில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அறுவைக் கூடத்துக்குள் செல்லும் முன்னர் நோயாளியின் நகைகள் அனைத்தும் கழற்றி உறவினரிடம் கொடுக்கப்படுகின்றன. சக்ஸினைல்கோலின் எச்சரிக்கை உள்ள தகடும் வளையலோடு வளையலாகக் கைக்குட்டையில் முடியப்பட்டு வெளியே போய்விடும். எந்த நிமிஷத்துக்காக அது அணியப்பட்டதோ அந்த நிமிஷத்தில் அது அங்கு இராது. கழற்றும் நர்ஸ் தகட்டைப் படித்து, நோயாளியின் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிய பின்னரே அதை அப்புறப்படுத்த வேண்டும்.

பள்ளிகளில் வேறு வகையான இடர் எழும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண் குழந்தைக்குக் காப்பு அணிவிக்கப் பெற்றோர் தயங்குவர். ஊரார் கண்ணில் பட்டால் நாளைக்கு மணம் பேசுவது கடினமாகும் என்பது அவர்கள் அச்சம். அச்சத்தை இகழ்வதால் அது நீங்கிவிடாது. கழுத்துச் சங்கிலியில் ஆடைக்குள் மறையும்படி பதக்கமாக அணியலாம்; வழக்கமான வெள்ளிக் காப்பின் உட்புறத்தில் எழுத்தும் வெளிப்புறத்தில் சிறு அடையாளமும் வெட்டலாம். வகுப்பாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் செய்தி தெரிந்திருந்தால் வகுப்பு முழுவதற்கும் அறிவிக்க வேண்டியதில்லை. நவம்பர் 14 நம் நாட்டில் குழந்தைகள் தினம். உலக நீரிழிவு தினமும் அதுவே. அன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் காப்பைப் பற்றிப் பாடம் நடத்தினால், குறிப்பிட்ட ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டும் சங்கடம் நேராது.

தகடு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. நம் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டித் தரும் தொழிலாளி ஒரு சிறு எஃகுத் தகட்டில் நான்கு வரி வெட்டிக் கொடுப்பார். எழுத்து ஆங்கிலத்தில் இருப்பதே உசிதம். கொண்டாப்பூரில் உள்ள டாக்டருக்குத் தமிழ் தெரியாது, கோவையில் உள்ளவருக்குத் தெலுங்கு தெரியாது. முதல் வரியில் நோய் அல்லது ஆகாத மருந்து, அடுத்து உட்கொள்ளும் முக்கிய மருந்து, பின்னர் பெயர், இறுதியில் நாட்டுக் குறியீட்டு எண்ணோடு கூடிய தொலைபேசி எண். வாசகத்தை ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவது அவசியம். மருந்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு மருந்தாகிவிடும். மருந்து மாறும்போதும் தொலைபேசி எண் மாறும்போதும் பழைய தகட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும்.